மோதும் தட்டுகளுக்கு நடுவே: நில ஓட்டின் திரிபையும் தகைவையும் அளக்க முழுமையான வழிகாட்டி

இந்தியத் தட்டு யூரேசியத் தட்டை ஆண்டுக்கு 35 முதல் 40 மி.மீ. வரை நெருங்கி வருகிறது. அதில் ஏறக்குறைய பாதியை, அதாவது 18 முதல் 20 மி.மீ. வரை, இமயமலை மட்டுமே தாங்கிக்கொள்கிறது. மீதி திபெத்துக்கும் அதற்கு வடக்கே உள்ள மலைகளுக்கும் போகிறது. இமயத்தின் அடியில் வடக்கு நோக்கிச் சரியும் முதன்மை உந்துப்பிளவு (ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின் மேல் ஏறும் பிளவு), மலையடிவாரத்திலிருந்து சுமார் 100 கி.மீ. அகலத்துக்குப் பூட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆழத்தில் தட்டு நழுவிக்கொண்டே இருக்க, மேலே நழுவாத இந்தப் பகுதி நசுங்குகிறது. இங்கே அளக்க வேண்டியது இந்த நசுங்கலைத்தான். நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பது திரிபு. அதனால் பாறைக்குள் ஒவ்வொரு பரப்பிலும் சேரும் விசை தகைவு.

வேலையில் இறங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். 100 கி.மீ. நீளம் ஆண்டுக்கு 18 மி.மீ. குறுகினால், திரிபு வீதம் ஆண்டுக்குக் கோடியில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. பாறையின் விறைப்புக் குணகம் 30 கிகாபாஸ்கல் என்று வைத்தால், தகைவு ஆண்டுக்கு 0.01 மெகாபாஸ்கல் அளவில் கூடும். ஆனால் ஆழ்துளையில் தகைவை எவ்வளவு கவனமாக அளந்தாலும் பிழை ஒன்றிரண்டு மெகாபாஸ்கலுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே இன்று ஒரு துளையில் தகைவை அளந்து, இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் மீண்டும் அளந்து, "இவ்வளவு கூடியிருக்கிறது" என்று சொல்ல வழியே இல்லை. தகைவு கூடும் வேகம் நிலத்தின் நகர்விலிருந்து வரும். இப்போது மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது துளையிலிருந்து வரும். இரண்டும் வெவ்வேறு அளவீடுகள். இரண்டையும் ஒரே கருவியில் எதிர்பார்க்கும் திட்டங்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன.

1. நிலையங்களை எங்கே வைப்பது

நகர்வை அளக்க முதுகெலும்பு, நிரந்தர ஜிஎன்எஸ்எஸ் நிலையங்கள். பேச்சுவழக்கில் ஜிபிஎஸ் என்கிறோம். கருவி இன்று எல்லா நாட்டுச் செயற்கைக்கோள்களையும் கேட்கும்.

நிலையங்களைச் சமதூரத்தில் பரப்ப வேண்டாம். பிளவின் குறுக்கே, நெருக்கம் நடக்கும் திசையிலேயே ஒரு கோடு எடுங்கள். பூட்டிய பகுதி முடிந்து நழுவும் பகுதி தொடங்கும் இடத்துக்கு நேர் மேலேதான் வேகம் சட்டென்று மாறும். அதன் ஆழம் இமயத்தில் 15 முதல் 20 கி.மீ. எனவே அந்த வட்டாரத்தில் நிலைய இடைவெளி 10 முதல் 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. தள்ளி இருக்கும் சமவெளியில் 50 கி.மீ. இடைவெளி போதும். கோட்டின் இரண்டு முனைகளையும் வெட்டிவிடாதீர்கள். தெற்கு முனை அசையாத தட்டின் மேலும், வடக்கு முனை பிளவின் பாதிப்பு அடங்கிய இடத்திலும் இருக்க வேண்டும். வடக்கு முனை குட்டையாக இருந்தால் பூட்டு ஆழமும் நழுவு வேகமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும்: ஆழத்தைக் கூட்டி வேகத்தையும் கூட்டினால் அதே வளைகோடு கிடைக்கும், எது சரி என்று தரவால் சொல்ல முடியாது. எல்லைக்கு அப்பால் நிலையம் வைக்க அனுமதி கிடைக்காத இடங்களில் இதுதான் தீராத தொல்லை.

2. தூண், ஆன்டெனா, மின்சாரம்

முதல் விருப்பம் உறுதியான பாறை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, எப்பாக்ஸியோ சுருங்காத சிமென்ட் கலவையோ ஊற்றி நிறுத்துங்கள். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஒலித்தால் நல்ல பாறை. "தொப்" என்றால் அது பெயர்ந்து கிடக்கும் பாளம், இடத்தை மாற்றுங்கள். பாறை இல்லாத இடத்தில் செங்குத்தாக ஒரு குழாயும் அதைச் சுற்றிச் சாய்வாக மூன்று நான்கு குழாய்களும் 10 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேலே ஒன்றாக வெல்டிங் செய்யும் முறை உண்டு. அதில் மேல் மூன்று நான்கு மீட்டர் மண்ணைக் குழாய்கள் தொடாதபடி உறை போட வேண்டும். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவது அந்த மேல்மண்தான். மண்ணில் நட்ட வெறும் கான்கிரீட் தூண் ஓராண்டுக்குள் சாயத் தொடங்கும். அந்தச் சாய்வு தட்டின் நகர்வு போலவே தரவில் தெரியும்.

மலைச்சரிவு தானே மெல்ல வழுக்குகிறதா என்று பாருங்கள். வளைந்த மரத் தண்டுகளும் படிக்கட்டாக இறங்கும் புல்தரையும் முதல் அடையாளம். இமயத்தில் வீணாய்ப் போன நிலையங்களில் பல, நிலச்சரிவை அளந்துகொண்டிருந்தவைதான்.

ஆன்டெனா சோக்-ரிங் வகையாக இருக்கட்டும். தரையிலிருந்து எதிரொலித்து வரும் அலைகளை அது அடக்கும். ஆன்டெனாவின் வடக்குக் குறியை உண்மை வடக்குக்குத் திருப்புங்கள், திசைகாட்டி வடக்குக்கு அல்ல. மூடி போட்டால் அந்த மூடியோடு சேர்த்து அளவுத்திருத்தம் செய்யப்பட்ட மாதிரியையே வாங்குங்கள். பின்னாளில் மூடியை மட்டும் மாற்றினாலும் உயரம் சில மில்லிமீட்டர் தாவும், அந்தத் தாவலைத் தேதியோடு பதியாவிட்டால் தரவைச் செயலாக்குகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

மின்சாரக் கணக்கு: ரிசீவர் 5 வாட் இழுத்தால் நாளொன்றுக்கு 120 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். அதைப் பாதிக்குக் கீழே வடிக்கக் கூடாது. இரண்டு பேட்டரி வைத்தால் வெயிலே இல்லாமல் பத்து நாள் ஓடும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதால் உயரமான இடங்களில் மூன்றாக வையுங்கள். சோலார் தகட்டைச் செங்குத்தாகச் சாய்த்தால் பனி தங்காது. ஆன்டெனா மேல் பனி தங்கினாலோ, நிலம் சில சென்டிமீட்டர் எழும்பியதுபோல் ஒரு பொய்க்கூம்பு வரும்.

நிரந்தர நிலையம் வைக்க முடியாத குறிகளில் ஆண்டுக்கு ஒருமுறை கருவியைக் கொண்டுபோய் அளக்கலாம். குறைந்தது மூன்று முழு நாள்கள் ஓடட்டும். செயலாக்கத்தில் "நாள்" என்பது கிரீன்விச் நேரம் 00:00-இல் தொடங்குவது. இந்தியாவில் அது காலை 5:30. முந்தின மாலையே பொருத்தி ஓடவிட்டால் முதல் முழு நாள் வீணாகாது. முக்காலியில் ஏற்றும்போது ஆன்டெனா உயரத்தை மூன்று பக்கமும் அளந்து, தொடக்கத்திலும் முடிவிலும் எழுதி, அது செங்குத்து உயரமா சாய்வு உயரமா என்று குறித்துவையுங்கள். உயரம் மாறாத இரும்புக் கோல் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில் போக வேண்டும். ஏன் என்பதை நான்காம் பகுதியில் பாருங்கள்.

3. தரவைச் செயலாக்குவது

பதிவு இடைவெளி 15 அல்லது 30 நொடி போதும். ஆனால் நொடிக்கு ஒன்று அல்லது ஐந்து பதிவுகளைக் கருவியின் நினைவகத்தில் சுழற்சியாக வைத்திருங்கள். கேமிட், பெர்னீஸ், ஜிப்ஸிஎக்ஸ் ஆகிய மூன்று மென்பொருள்களில் எதையும் பயன்படுத்தலாம். துல்லியமான இறுதிச் சுற்றுப்பாதைத் தரவு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும், அவசரமில்லையென்றால் காத்திருங்கள்.

அடிவானத்திலிருந்து 10 பாகைக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை விட்டுவிடலாம். வளிமண்டலம் பெரிய எதிரி. கடல்மட்டத்தில் நேர் உச்சியிலிருந்து வரும் அலைக்கே உலர்காற்று 2.3 மீட்டர் தாமதம் தருகிறது. அதைக் கணக்கிட்டுவிடலாம். ஈரப்பதம் தரும் தாமதம் சில சென்டிமீட்டரிலிருந்து நாற்பது வரை, நேரத்துக்கு நேரம் மாறும். அதை மணிக்கணக்கில் தனி மாறியாகத் தீர்க்க வேண்டும். உயரத்தின் பிழை கிடைத்தளப் பிழையைப் போல் மூன்று மடங்கு இருப்பதற்கு ஒரு காரணம் இது. மற்றொன்று, செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

முடிவுகளை உலகச் சட்டகத்தில் (பூமி முழுவதற்குமான ஆய அமைப்பில்) எடுத்துவிட்டு, இந்தியத் தட்டை அசையாததாக வைத்து மாற்றுங்கள். உலகச் சட்டகத்தில் பெங்களூரு ஆண்டுக்கு 5 செ.மீ.க்கு மேல் வடகிழக்கே ஓடுகிறது. அந்த ஓட்டத்தைக் கழிக்காமல் இமயத்தின் 18 மி.மீ.யைக் கண்ணால் பார்க்க முடியாது. தட்டின் சுழற்சியை வரையறுக்கப் பெங்களூரு, ஹைதராபாத் போன்ற நெடுநாள் நிலையங்கள் இருக்கின்றன. மலையடிவார நிலையங்களை இந்த வரையறையில் சேர்க்காதீர்கள். அவையும் மெல்ல நசுங்குகின்றன.

4. வேகம் கண்டுபிடிப்பது: மழையைக் கழித்த பிறகு

பருவமழையில் கங்கைச் சமவெளியில் தேங்கும் நீரின் எடை நிலத்தை அழுத்தும். நேபாள நிலையங்கள் மழை முடியும் காலத்தில் தாழ்ந்து, குளிர்காலத்தில் நீர் வடிய வடிய எழும்புகின்றன. உயரத்தில் இது சென்டிமீட்டர் கணக்கு, கிடையில் சில மில்லிமீட்டர். ஓராண்டு ஜூனிலும் அடுத்த ஆண்டு டிசம்பரிலும் அளந்த குறி, தட்டு நகராமலே நகர்ந்ததாகக் காட்டும்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் நேர்கோட்டு வேகம், ஆண்டு அலை, அரையாண்டு அலை, ஆன்டெனா மாற்றம் அல்லது நிலநடுக்கத்தால் வந்த தாவல் ஆகியவற்றைச் சேர்த்தே பொருத்துங்கள். இரண்டரை ஆண்டுக்குக் குறைவான தரவிலிருந்து வேகம் சொல்வதில் பொருளில்லை. இன்னொன்று: தினசரிப் பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டால் வேகத்தின் பிழை ஐந்து மடங்குக்கும் மேல் குறைவாகக் காட்டும். நிறமேறிய இரைச்சலையும், அதாவது ஒரு நாளின் பிழை அடுத்த நாள்களுக்கும் தொடர்வதையும், மாதிரியில் சேருங்கள். ஆண்டுக்கு 0.05 மி.மீ. பிழை என்று யாராவது எழுதியிருந்தால், அதைச் சேர்க்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

5. இன்சார்: படம் அழகு, திசை குருடு

ராடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தை இரண்டு முறை படமெடுத்து, திரும்பிவந்த அலைகளின் கட்ட வேறுபாட்டை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் வந்து சேர்ந்தது என்பதன் வேறுபாட்டை) பார்ப்பது இன்சார். சென்டினல்-1 செயற்கைக்கோளின் அலைநீளம் 5.5 செ.மீ.; படத்தில் ஒரு வண்ணச் சுற்று என்றால் பார்வைக்கோட்டில் 2.8 செ.மீ. நகர்வு. அலோஸ்-2 செயற்கைக்கோளின் அலைநீளம் 24 செ.மீ.க்கு அருகே, காட்டையும் புதரையும் அது நன்றாகவே தாங்கும். ஜூலை 2025-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார், நீண்ட அலையோடு 12 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. மரம் அடர்ந்த சரிவுகளுக்கு இது ஏற்றது.

இமயத்துக்கு ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. இந்தச் செயற்கைக்கோள்கள் வட-தென் துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. ராடார் பக்கவாட்டில், கிழக்கையோ மேற்கையோ நோக்குகிறது. நேபாளத்தில் நெருக்கம் நடப்பதோ ஏறத்தாழ வடக்கு-தெற்கில். 39 பாகை சாய்வில் பார்க்கும் சென்டினலின் பார்வைக்கோட்டில் வடக்கு நகர்வில் எட்டில் ஒரு பங்குதான் தெரியும்: 18 மி.மீ. நகர்ந்தால் 2 மி.மீ.யை ஒட்டித்தான் பதிவாகும். செங்குத்து நகர்வில் முக்கால் பங்குக்கு மேல் தெரியும். ஆகவே இமயத்தில் இன்சாரை உயரம் அளக்கும் கருவியாகப் பாருங்கள். நெருக்க வேகத்தை ஜிஎன்எஸ்எஸ்ஸிடம் விட்டுவிடுங்கள். பூட்டிய பகுதியின் கீழ் விளிம்புக்கு மேலே, உயர் இமயத்தின் முன்பக்கம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்புவதை அதில் பிடிக்க முடியும்.

செயலாக்க வரிசை: நல்ல உயர மாதிரி ஒன்றை எடுங்கள் (30 மீட்டர் கட்டம் போதும்), ஏறு பாதை (செயற்கைக்கோள் வடக்கே போகும்போது எடுத்தது), இறங்கு பாதை (தெற்கே வரும்போது எடுத்தது) இரண்டையும் செய்யுங்கள், குறுகிய காலப் பட இணைகளோடு ஓராண்டு இடைவெளி இணைகளையும் கட்டாயம் சேருங்கள். வெறும் 12 நாள் இணைகளை மட்டும் அடுக்கினால் செடியும் மண்ணின் ஈரமும் தரும் சிறு சாய்வு கூடிக்கூடி, ஆண்டுக்குப் பல மில்லிமீட்டர் பொய் நகர்வாக நிற்கும். பனிக்காலப் படங்களை ஒதுக்குங்கள். ராடாரை நோக்கிய சரிவு பார்வைச் சாய்வைவிடச் செங்குத்தாக இருந்தால், உச்சியும் அடியும் படத்தில் ஒன்றின்மேல் ஒன்று மடிந்துவிடும். அந்த இடங்களை மறைத்துக் கணக்கிலிருந்து நீக்குங்கள், சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

பிறகு வளிமண்டலம். பள்ளத்தாக்குக்கும் முகட்டுக்கும் 3 கி.மீ. உயர வேறுபாடு இருந்தால், இரண்டு நாள்களின் ஈரப்பத வேறுபாடே பல சென்டிமீட்டர் கட்டமாக மலையின் வடிவத்தில் படியும். வானிலை மாதிரித் தரவால் கழித்தபின், நகர்வுப் படத்தையும் உயரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நீங்கள் பார்ப்பது மேகத்தை. காத்மாண்டு போன்ற படுகையில் வட்டமாக ஒரு தாழ்வு தெரிந்தால் அது தட்டு வேலை அல்ல, நிலத்தடி நீர் உறிஞ்சல்.

கடைசியாக, இன்சாரின் நீண்ட சரிவை ஜிஎன்எஸ்எஸ் வேகங்களோடு பொருத்திக் கட்டுங்கள். அசையாத இடம் எது என்று தனியாக அதனால் சொல்ல முடியாது.

மட்டக்கோல் வைத்து நடந்தே உயரம் அளக்கும் பழைய முறையைத் தள்ளிவிட வேண்டாம். முன்னும் பின்னுமாக இரண்டு முறை அளந்து, வேறுபாடு தூரத்தின் (கி.மீ.) வர்க்கமூலத்தை 4 மி.மீ.ஆல் பெருக்கியதற்குள் அடங்க வேண்டும். ஏறும் சாலைகளில் பார்வைத்தூரத்தைக் குறைத்து, தரையை ஒட்டிய அரை மீட்டரில் கோலைப் படிக்காமல் இருந்தால் காற்றின் வளைவுப்பிழை குறையும். ஆழ்துளைத் திரிபுமானிகள் மணிக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரையிலான நகர்வுக்கு உயர்ந்தவை. நூறு கோடியில் ஒரு பங்கையும் உணரும். ஆனால் சிமென்ட் இறுகுவதும் துளை சுருங்குவதும் முதல் ஓரிரு ஆண்டுத் தரவை விழுங்கும். நிறுவியதும் 12.42 மணி நேர நிலவு ஓதத் திரிபை (நிலவின் ஈர்ப்பால் நிலம் நீண்டு சுருங்குவதை) வைத்து அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஓதம் தெரியவில்லையென்றால் கருவி பாறையோடு ஒட்டவில்லை.

6. தகைவு: துளைக்குள்

மேலிருந்து அழுத்தும் எடை எளிது: பாறை அடர்த்தி கனமீட்டருக்கு 2,650 கிலோ என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 26 மெகாபாஸ்கல். கிடைமட்டத் தகைவுகள்தான் கேள்வி.

*நீர்முறிவு சோதனை.* விரிசல் இல்லாத ஒரு மீட்டர் நீளத்தைக் கேமராவாலோ ஒலிப்படத்தாலோ தேர்ந்தெடுத்து, மேலும் கீழும் பேக்கர் (ஊதிப் பெருக்கும் ரப்பர் அடைப்பான்) ஊதி அடையுங்கள். முதலில் சின்ன அழுத்தம் கொடுத்துக் கசிவு பாருங்கள். பிறகு நிமிடத்துக்குச் சில லிட்டர் நீரைச் செலுத்தினால் அழுத்தம் ஏறி, பாறை உடையும்போது சட்டென்று விழும். பம்பை நிறுத்தி வால்வை மூடுங்கள். அப்போது நிலைக்கும் அடைப்பு அழுத்தம், விரிசலை மூடப் பார்க்கும் தகைவு. இதை மூன்று முதல் ஐந்து சுற்று செய்யுங்கள். முடிந்ததும் மென்ரப்பர் உறை போட்ட பேக்கரால் விரிசலின் அச்சுப்பதிவை எடுத்து அதன் திசையைப் பாருங்கள்.

பாடப்புத்தகம் அடைப்பு அழுத்தத்தைச் சிறிய கிடைத்தகைவு என்று சொல்லும். மோதல் மண்டலத்தில் அதை அப்படியே நம்பக் கூடாது. உந்துப்பிளவு நாட்டில் மூன்றிலும் சிறியது செங்குத்துத் தகைவு. விரிசல் துளைச்சுவரில் செங்குத்தாகத் தொடங்கினாலும், வெளியே போகப் போகக் கிடையாகப் படுத்துவிடும். அப்போது நீங்கள் அளந்தது மேலே உள்ள பாறையின் எடையை! அடையாளங்கள் இரண்டு: சுற்றுக்குச் சுற்று அடைப்பு அழுத்தம் இறங்கி, ஆழத்துக்குரிய எடையில் (1 கி.மீ. என்றால் 26 மெகாபாஸ்கல்) வந்து நிற்கும், அச்சுப்பதிவில் கிடைவிரிசல் தெரியலாம். முதல் சுற்றின் அடைப்பு அழுத்தத்தைத் தனியாகக் குறித்துவையுங்கள். கிடைத்தகைவுக்கு மிக அருகில் வரும் எண் அதுதான். பெரிய கிடைத்தகைவை மறுதிறப்பு அழுத்தத்திலிருந்து (மூடிய விரிசல் அடுத்த சுற்றில் மீண்டும் திறக்கும் அழுத்தம்) கணிப்பதும் ஆபத்தானது. மேலேயிருந்து நீண்ட குழாய் வழியாகப் பம்ப் செய்தால் குழாயின் நெகிழ்ச்சியே அந்த எண்ணைக் கெடுக்கும். பாய்வுமானி சோதனைப் பகுதிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

*ஓவர்கோரிங்.* சுரங்கப்பாதையிலிருந்து செய்வது. 38 மி.மீ. துளையில் 12 திரிபுமானிகள் கொண்ட செல்லை (சிறு அளவுக்கருவியை) ஒட்டி, அதைச் சுற்றி 150 மி.மீ. அளவில் பெரிய கோர் (உருளைப் பாறைத்துண்டு) வெட்டினால், பாறை விடுபட்டு விரியும். ஆறு தெரியாத எண்களுக்குப் பன்னிரண்டு அளவுகள் இருப்பதால் கெட்ட ஒன்றிரண்டு மானிகளைக் கழித்துவிடலாம். சோதனையிடம் சுரங்கச் சுவரிலிருந்து சுரங்க விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கட்டும். ஈரப்பாறையில் பசை பிடிக்காது, துளையிடும் நீரின் வெப்பம் மாறினால் மானியும் அலையும். எடுத்த கோரைச் சுற்றழுத்தக் கலத்தில் வைத்து யங் குணகத்தை (திரிபைத் தகைவாக மாற்ற உதவும் பாறை விறைப்பு) அங்கேயே அளந்துவிடுங்கள். கீழ் இமயத்தின் படலப்பாறைகளில் குணகம் திசைக்குத் திசை மாறும். ஒரே எண்ணை எல்லாத் திசைக்கும் போட்டால் தகைவின் திசையும் அளவும் இரண்டுமே தவறும்.

*துளைச்சுவர் பெயர்வு.* செங்குத்துத் துளையில் சுவர் எதிரெதிராக உதிர்ந்த பக்கங்கள் சிறிய கிடைத்தகைவின் திசையைக் காட்டும். பெரியது அதற்குச் செங்குத்தாக. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது துளைக்குழாய் உராய்ந்த வடு.

*நிலநடுக்கங்கள்.* சிறு நிலநடுக்கங்களின் பிளவுத்தள விடைகளை (பிளவு எந்தச் சாய்வில், எந்தத் திசையில் நழுவியது என்பதை) சேர்த்துத் திசைகளைத் திருப்பிக் கணிக்கலாம். இருபது முப்பது நிகழ்வுகள் வேண்டும், அவை வெவ்வேறு சாய்வில் இருக்க வேண்டும். எல்லாமே ஒரே உந்துப்பிளவில் வந்திருந்தால் கணக்கு எதையும் கட்டுப்படுத்தாது. கிடைப்பது திசையும் தகைவுகளின் விகிதமும் மட்டும், மெகாபாஸ்கல் கிடைக்காது.

பள்ளத்தாக்கு ஓரத்தில் கிடைத்த எந்தத் தகைவையும் தட்டுத் தகைவு என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கிலோமீட்டர் உயர முகடு தன் எடையாலேயே 26 மெகாபாஸ்கல் சேர்க்கிறது. நீர்மின் சுரங்கங்களின் அளவீடுகளில் பெரும்பகுதி இந்த வகை. நிலவடிவத்தை முப்பரிமாண மாதிரியில் போட்டுக் கழித்த பிறகே அவை பயன்படும்.

7. ஒன்றாகக் கோர்ப்பது

வேகங்களைப் பிளவுக்குக் குறுக்கே வரைந்து, மீள்தன்மையுள்ள அரைவெளியில் (மேலே தட்டையாக, கீழே முடிவில்லாமல் நீளும் மீள்பொருளாக நிலத்தைக் கருதுவது) நழுவல் மாதிரி பொருத்துங்கள். கிடைப்பவை நழுவு வேகம், பூட்டு அகலம். இவற்றிலிருந்து சேமிப்பு: 30 கிகாபாஸ்கல், 100 கி.மீ. நீளம், 100 கி.மீ. அகலம், ஆண்டுக்கு 0.02 மீட்டர் எல்லாம் பெருக்கினால் ஆண்டுக்கு 6×10¹⁸ நியூட்டன்-மீட்டர். 7.8 அளவுள்ள நிலநடுக்கம் ஒன்று வெளியிடுவது சுமார் 6×10²⁰. அதாவது நூறாண்டுச் சேமிப்பு. இதைக் காலக்கெடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 ஏப்ரல் 2015-இல் நேபாளத்தில் வந்த கோர்க்கா நிலநடுக்கம் பூட்டிய பகுதியின் கீழ்ப்பாதியை மட்டும் உடைத்தது. உடைவு தரைமட்டம்வரை வரவில்லை. தெற்கே உள்ள பங்கு இன்னும் பூட்டியே இருக்கிறது.

தகைவு எண்களுக்கு உராய்வு வரம்பு வைத்துப் பாருங்கள். உராய்வுக் குணகம் 0.6, நீர் அழுத்தம் இயல்பானது என்றால், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் பெரிய கிடைத்தகைவு 60 மெகாபாஸ்கலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாறை ஏற்கெனவே நழுவியிருக்கும். உங்கள் எண் 90 என்று வந்தால் யங் குணகத்தையும் நிலவடிவத் திருத்தத்தையும் மறுபடி பாருங்கள்.

8. நடுவில் நிலநடுக்கம் வந்துவிட்டால்

2015-இல் காத்மாண்டுப் படுகை ஒரு மீட்டர் அளவுக்கு எழும்பியது. அதற்கு வடக்கே மலை தாழ்ந்தது. அமைதிக்காலத்தில் நிலம் போகும் போக்குக்கு இது நேர்மாறு. அதன்பின் வரும் மாதங்களில் பிளவின் ஆழப்பகுதி தொடர்ந்து நழுவும். வேகம் நாளுக்கு நாள் குறையும். ஆகவே பழைய வேகத்தோடு புதிய தரவை ஒரே கோட்டில் பொருத்தக் கூடாது. மடக்கைச் சரிவு ஒன்றைத் தனியாகச் சேருங்கள்.

முதல் வேலை, நொடிக்கு ஐந்து பதிவுகள் இருக்கும் சுழல் நினைவகத்தை மேலெழுதும் முன் இறக்கிக்கொள்வது. தொலைத்தொடர்பு அறுந்திருந்தால் யாராவது நேரில் போக வேண்டியிருக்கும். எந்த நிலையத்தின் நினைவகம் எத்தனை நாள் தாங்கும் என்ற பட்டியல் முன்பே சுவரில் இருக்கட்டும். அடுத்து, பழைய குறிகளில் கருவியை ஒரு வாரத்துக்குள் ஏற்றி, எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். முதல் வாரத்தின் நழுவல் முதல் வாரத்தில் மட்டுமே அளக்கக் கிடைக்கும்.